புரொப்பெல்லரில் வைத்த பொட்டு

அன்று ஓசூருக்கு வெளியே அந்த மேட்டுக்காட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். விமானத்தின் சொந்தக்காரரும் ஓட்டுகிறவருமான ஞானராஜ் சார். பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய இன்ஜினியர் சுப்பராவ். நிலத்துக்காரர் முனிரெட்டி. நோட்டீஸ் கட்டுகளோடு காவேரிப்பட்டினத்து ஜவுளிக்கடைச் செட்டியார். கடைசியாக ஃபிட்டர் மாதையன், அதாவது நான்.

ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்பாடு ஓசூரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் விமானத்தின் முன்குழியில், அதாவது ஆள் உட்காருகிற இரண்டு பள்ளங்களில் முன்னால் உள்ளதில், உட்கார்ந்திருந்தேன். இரண்டு கால்களுக்கும் நடுவே பலகைமேல் ஒரு பித்தளை டம்ளர், அதில் முக்கால் அளவு தண்ணீர். பின்குழியில் ஞானராஜ் சார். சுப்பராவ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுற்றிவிட்டு விலகினார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

முதலில் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் தெரிந்தன. சார் வேகத்தைக் கூட்டினார். வளையங்கள் ஒன்றையொன்று முட்டிக் கொப்புளித்தன. அப்புறம் தண்ணீர் துள்ளி என் கால்சட்டையை நனைத்தது. பல்லோடு பல் தட்டியது. எதிரே இருந்த மீட்டரில் முள் ஒன்றா மூன்றா என்று சொல்ல முடியவில்லை. டம்ளர் தானாகவே நகர்ந்து என் செருப்பில் முட்டி நின்றது.

சார் எஞ்சினை அணைத்தார். அணைந்த பிறகும் என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அது விமானத்தின் நடுக்கமா, என்னுடையதா என்று எனக்கே பிடிபடவில்லை.

செட்டியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேல போனதும் சரியாயிடுமில்ல?"

சுப்பராவ் குனிந்து புரொப்பெல்லர் போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கெளம்பணும்வே," என்றார் ஞானராஜ் சார். அவருக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். எத்தனை வருஷம் பட்டாளத்தில் இருந்தும், எத்தனை வருஷம் எங்கள் ஊர்த் தண்ணீர் குடித்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. "என்ன பாக்கணுமோ இன்னைக்குள்ள பாத்துருங்க. ஆடுனாலும் கெளம்பணும், ஆடாட்டாலும் கெளம்பணும். மாதையா, நீயும் ரெடியா இரு."



கை வைத்தவன் ஏறணும்

சார் ஒரு விதி வைத்திருந்தார். விமானத்தில் யார் கடைசியாக ஸ்பேனர் வைக்கிறார்களோ, அவர்கள் அடுத்த ஓட்டத்தில் கூட ஏற வேண்டும். "கை வச்சவன் ஏறணும். அப்பத்தான் நட்டு முழுசா முறுகும்" என்பார். பட்டாளத்தில் அப்படித்தான் நடக்குமாம்.

அதற்கு முன்பு நான் ஓசூரில் லாரிப் பட்டறையில் இருந்தவன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. லாரியில் ஒரு வசதி உண்டு. நட்டு கழன்றால் ஓரமாக நிறுத்தலாம். சூளகிரிக் கணவாய்க்கு மேலே நட்டு கழன்றால் எங்கே நிறுத்துவது? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

சுபாவத்திலேயே நான் பயந்தவன். பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவி சின்னப்பொண்ணு சொல்லிவிட்டாள்: "உங்க பயத்தையெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தூக்கம் போவுது, உங்களுக்குக் கொறட்டை வருது."

அவள் அப்போது மத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்களுக்கு அது தலைதீபாவளி. நான் போய்ச் சேர வேண்டும், கையில் ஒரு சேலையோடு. சேலைக்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் செட்டியார் வேலை வந்தது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், மத்தூர் மூன்று ஊர்மேலும் பறந்து தீபாவளி ஜவுளி நோட்டீஸ் போட வேண்டும். முன்குழியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து வீச ஓர் ஆள் வேண்டும். "நீ வீசு, இருபத்தஞ்சு ரூவா உனக்கு" என்றார் சார்.

இருபத்தைந்து ரூபாய்க்கு அப்போது நல்ல சேலை வரும். சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன் பிறகுதான் விமானம் ஆட ஆரம்பித்தது.

ஆட்டத்தில் பல ஜாதி

விமானம் என்றதும் இன்றைய விமானத்தை நினைக்க வேண்டாம். சண்டைக் காலத்தில் பையன்களுக்கு ஓட்டப் பழக்கிய சின்ன வண்டி அது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, மரச்சட்டம், மேலே துணி. மூக்கில் ஒரு எஞ்சின். அதற்கு முன்னால் இரண்டு அலகு உள்ள மரப் புரொப்பெல்லர். ரெட்டியார் அதை விசிறி என்பார். ஏலத்தில் எடுத்து, ரெட்டியாரின் மேட்டுக்காட்டில் கொட்டகை போட்டு வைத்திருந்தார் சார். திருவிழாக்களில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதும், நோட்டீஸ் போடுவதும்தான் பிழைப்பு.

எந்தச் சின்ன விமானமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சுப்பராவ் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால் நொண்டி நடப்பதுபோல் ஓர் ஆட்டம். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகள் இறுகிப் போனால் எலும்புக்குள் இறங்குகிற ஓர் ஆட்டம். புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் ஒரே வட்டத்தில் சுற்றாவிட்டால் வேறொரு மாதிரி. ஓர் அலகு மற்றதைவிடக் கனமாக இருந்தால் இருப்பதிலேயே பொல்லாத ஆட்டம். நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை, கனமான பக்கம் எஞ்சினைப் பிடித்து வெளியே இழுக்கும்.

"விட்டா என்ன சார் ஆவும்?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

சுப்பராவ் மூக்குப்பொடியை இழுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "போல்ட்டு லூஸ் ஆகும். ஆமேலே, அதுக்கப்புறம், எஞ்சின் தாங்குற கம்பி விரிசல் விடும். ஒருத்தர் கேஸ்ல நுனி உடைஞ்சு, எஞ்சினே கழண்டு போச்சு. மூக்கு இல்லாத விமானம் பின்பக்கமா சாஞ்சு விழும், கேளப்பா."

அன்று எஞ்சின் போல்ட்டுகளை இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் விமானத்தின் ஆட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு தடவை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தோம். கழற்றினால் மழையில் வைக்கக் கூடாது, மரமாயிற்றே. ரெட்டியாரின் பட்டுப்பூச்சி வீட்டில் படுக்கப் போட்டு வைப்போம். புழுவுக்குக் குளிர் ஆகாது என்று அங்கே எப்போதும் கரி அடுப்புக் கனன்றுகொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து சுப்பராவ் வந்து நிறை பார்ப்பார். இரண்டு இரும்புப் பட்டைகளைக் கத்திபோலத் தீட்டி, ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, நடுவில் ஓர் உருளைக் கம்பியைச் செருகிப் புரொப்பெல்லரை அதன்மேல் வைப்பார். கனமான பக்கம் இருந்தால் அது தானாகக் கீழே இறங்கும். எங்களுடையது எப்படி வைத்தாலும் வைத்தபடி நிற்கும். தராசுத் தட்டுத் தோற்றுவிடும்.

மாட்டி ஓட்டினால் டம்ளர்த் தண்ணீர் அசையாது. ஒரு மழை பெய்யும். மறுபடியும் ஓட்டினால் பல் தட்டும்.

பிளக் மாற்றினோம். ரப்பர் மாற்றினோம். நுனிப் பக்கத்தில் பெட்டியை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு நுனியும் ஒரே கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தோம். தொட்டது. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கினோம்.

"இதுக்கு காத்து சேஷ்டை பட்டுடுச்சு" என்றார் முனிரெட்டி.

"ஓய் ரெட்டியாரே, காத்துலதான இது பொழைக்கு?" என்றார் சார்.

ஆயுத பூஜை அன்று

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போக வேண்டியிருக்கிறது.

சார் கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் ரெட்டியார் கையில் விமானத்தை விட்டுவிடுவார். "நெலத்துக்காரர் சாமிய நாம பகைக்கக் கூடாதுல்லா" என்பார். அந்த நிலத்தின் மூலையில் புளியமரத்தடியில் ரெட்டியார் வீட்டு முனியப்பன் கல் இருந்தது. அதற்கு முன்னால்தான் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவோம்.

அந்த வருஷம் ரெட்டியார் பெரிய சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். மாலை தொங்க வேண்டுமென்றால் புரொப்பெல்லரை நெட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். மேல் அலகின் நுனி யாருக்கும் எட்டாது. மாலையைக் குச்சியால் தூக்கித்தான் மாட்டினோம். கீழ் அலகின் நுனி முழங்கால் உயரத்தில், கைக்கு வாகாக இருந்தது. ரெட்டியார் குந்தி உட்கார்ந்து, அந்த நுனியில் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சிக்கனம் அவருக்குத் தெரியாது. சந்தனம் அடைபோல இருந்தது.

மழைக்காலம் வருகிறதே என்று அடுத்த வாரம் புரொப்பெல்லருக்கு வார்னிஷ் அடித்தோம். அடிப்பதற்கு முன் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். நுனிக்கு வந்ததும் ரெட்டியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டை அழிக்காதே, மாதையா. தானா உதிர்ந்தா சரி. நாம துடைக்கக் கூடாது. ஏறுறவங்க வீட்ல பொம்பளைங்க இருக்காங்க."

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். துடைப்பேனா? காய்ந்த சந்தனத்துக்கு மேலேயே, அது அலுங்காமல், வார்னிஷைப் பூசிவிட்டேன். கண்ணாடிக்குள் வைத்த படம்போலப் பொட்டு பளபளவென்று இருந்தது. சாரும் பார்த்தார். நல்லா இருக்குவே என்றார்.

எங்கள் பக்கத்தில் லாரியானாலும் ஏரானாலும் பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அடுத்த வருஷப் பொட்டு அதன் மேலேயே விழும். அதில் தப்பு இருப்பதாக எவனுக்குத் தோன்றும்?

கழுத்தில் விழுந்த ஈரம்

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

டம்ளர் செருப்பில் முட்டி நின்ற பிறகு, சுப்பராவ் மறுபடியும் புரொப்பெல்லரைக் கழற்றச் சொன்னார். இரண்டு நாள் காயப்போட நேரமில்லை. ஈரத்தோடு அப்படியே நிறை பார்த்துவிடுவோம் என்றார். கழற்றி என் தோளில் தூக்கி வைத்தார்கள். கொட்டகை வரை நடக்க வேண்டும். ஒரு நுனி முன்னால் வானத்தைப் பார்த்து உயர்ந்திருந்தது, மற்றது பின்னால் தாழ்ந்து தரையைப் பார்த்தது.

பாதி வழியில் என் கழுத்தில் சில்லென்று ஏதோ இறங்கியது.

எனக்கு முதலில் தோன்றியது பெட்ரோல். இரண்டாவதாகத் தோன்றியது பாம்பு. பாம்பு ஏன் சில்லென்று சொட்டுச் சொட்டாக இறங்கப் போகிறது என்றெல்லாம் அந்த நேரத்தில் புத்திக்கு எட்டுமா? நின்றுவிட்டேன். கையால் துடைத்து முகர்ந்து பார்த்தேன்.

சந்தன வாசனை அடித்தது.

"சார்," என்றேன். "இதுல தண்ணி வருது. சந்தன வாசனையா இருக்குது."

செட்டியார் பெருமூச்சு விட்டார். "போச்சு. இவனுக்கு அருள் வந்துடுச்சு."

சுப்பராவ் சிரிக்கவில்லை. பொடி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "இறக்கு. மெல்ல இறக்கு. சாய்க்காதே."

மர அலகின் விளிம்பு தேயாமலிருக்க, நுனியைச் சுற்றிப் பித்தளைத் தகடு போர்த்தியிருக்கும். முன்னால் உயர்ந்திருந்த அலகின் தகட்டில், திருகாணி இறங்கிய ஓர் இடத்திலிருந்து தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. சுப்பராவ் முதலில் மற்ற அலகின் நுனியைப் பார்த்தார். அங்கே ஊசி முனை நுழைகிற அளவில் மூன்று ஓட்டைகள். அப்புறம் இந்த அலகின் நுனிக்கு வந்தார். அங்கே பொட்டு.

சுப்பராவ் அந்தப் பொட்டைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டை எதுக்கு இருக்கு தெரியுமா?" என்றார், பொதுவாக எல்லோரையும் பார்த்து. "மழைத் தண்ணி தகட்டுக்குள்ள எப்படியும் போகும். சுத்துறப்போ நுனிக்கு ஓடும். ஓட்டை வழியா தெறிச்சுப் போயிடும். அந்தப் பக்கம் போகுது. இந்தப் பக்கம் பொட்டு பூட்டியிருக்கு. தண்ணி நுனியிலயே நிக்குது. ஒரு பாலாடைத் தண்ணி போதும், ஆள் பல்லைக் கழட்டிடும்."

"நெறை பாக்கும்போது சரியாத்தானவே இருந்துச்சு?" என்றார் சார்.

"பட்டுப்பூச்சி வீடு சார். ரெண்டு நாள் கரி அடுப்புப் பக்கத்துல. வந்த வழியிலயே காஞ்சு போயிருக்கு. நாம சரி செய்யல. ரெட்டியார் புழு சரி செய்துச்சு."

எல்லோரும் முனிரெட்டியைப் பார்த்தோம். அவர் பொட்டைப் பார்த்தார்.

அழிப்பது யார்?

சுப்பராவ் பையிலிருந்து கத்தியை எடுத்தார். ரெட்டியார் அவர் முன்னால் போய் நின்றார்.

"வேண்டா சாமி. பத்து வருஷத்துப் பொட்டா இருந்தாலும் நாங்க சுரண்டறதில்ல. நாளைக்கு ரெண்டு பேர் ஏறப் போறாங்க. இன்னிக்கிப் பொட்டை சுரண்டறதா?"

"சுரண்டலேன்னா அந்த ரெண்டு பேரும் இறங்க மாட்டாங்க, ரெட்டியாரே."

"நா சுரண்டுதேன், குடுங்க" என்று சார் கையை நீட்டினார். "எனக்கு இதுல ஒண்ணும் கெடையாது."

"உங்களுக்குக் கெடையாது. உங்க வீட்டம்மாவுக்கு?" என்றார் ரெட்டியார். பிறகு என்னைப் பார்த்தார். "இவன் வீட்டுக்காரி தலைதீபாவளிக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இவனைக் கேளுங்க."

என்னை ஏன் கேட்கிறார்கள்? சுரண்டினால் அபசகுனம். சுரண்டாவிட்டால் எஞ்சின் கழன்று விழும். இரண்டிலும் முன்குழியில் உட்காரப் போவது நான்.  மத்தூரில் சின்னப்பொண்ணு நெற்றியில் பொட்டோடு நிற்பது கண்ணுக்கு முன் வந்தது. அதை யாரோ கட்டைவிரலால் துடைப்பதும் கூடவே வந்தது.

"ஏறாம இருந்தா ஆவாதா சார்?" என்று கேட்டேன்.

"நோட்டீஸ யாரு போடுவா? வானத்துலேருந்து சம்மனசா எறங்கி வந்து போடும்?"

செட்டியார் குடையைத் தரையில் ஊன்றினார். "தகராறு எப்ப முடியும்? தீபாவளிக்கு அப்புறம் நோட்டீஸ் போட்டா எவன் துணி எடுப்பான்? பொங்கலுக்கா?"

 புளியமரத்திலிருந்து பழைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. ரெட்டியார் முனியப்பன் கல் வரை நடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"பொட்டு இல்லாமதான் இருக்கக் கூடாது," என்றார் மெதுவாக. "இடம் மாறலாம். பொம்பளைங்க வகுட்டுல வைக்கறதில்லையா? முதல்ல வேற எடத்துல புதுப் பொட்டு. அப்புறம் இதை எடுங்க. நடுவுல ஒரு நிமிஷம்கூட விசிறி வெறுமனே இருக்கக் கூடாது."

சுப்பராவ் கத்தியை மடக்கிக்கொண்டு புரொப்பெல்லரின் நடுவைத் தட்டிக் காட்டினார். "இங்க வைங்க. நடுவுல எவ்வளவு கனம் வச்சாலும் ஆட்டம் வராது."

முனியப்பன் கல்லிலிருந்தே குங்குமம் எடுத்து வந்தார் ரெட்டியார். நடுவில் சின்னதாக ஒரு பொட்டு. இந்தத் தடவை விரல் நுனி அளவுதான். பிறகு அவரே கத்தியை வாங்கி, நுனியில் இருந்த பொட்டை எடுத்தார். அதைச் சுரண்டியது என்று சொல்ல முடியாது. தோல் உரிப்பதுபோல, வார்னிஷோடு சேர்த்து ஒரு வில்லையாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுப்பராவ் ஊசியால் மூன்று ஓட்டைகளையும் குத்தித் திறந்தார்.

மூன்று நூல்களாகத் தண்ணீர் இறங்கியது. சந்தனம் கரைந்த மஞ்சள் தண்ணீர். செட்டியார்கூடக் குனிந்து பார்த்தார்.

நிறை பார்த்து, மாட்டி, போல்ட்டு முறுக்கி, நான் மறுபடியும் டம்ளரோடு உட்கார்ந்தேன். சார் முழு வேகம் வரை கொண்டுபோனார். தண்ணீரில் என் முகம் தெரிந்தது.

காவேரிப்பட்டினத்துக்கு மேலே

மறுநாள் காலையில் கிளம்பினோம். செட்டியார் முதல் நாளே பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் போய்விட்டார், ஊராரோடு நின்று பார்க்க. என் காதில் பஞ்சு, அதன்மேல் தோல் தொப்பி. மடியில் மூன்று கட்டு நோட்டீஸ். சார் பேசினால் கேட்பதற்குத் தொப்பியில் ஒரு குழாய். அவர் எனக்குப் பின்னால். அவர் முகத்தை நான் பார்க்க முடியாது. இது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. டிரைவர் முகத்தைப் பார்க்காமல் நான் எந்த வண்டியிலும் போனதில்லை.

சூளகிரி தாண்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது பாறைகளும் தோப்புகளும் கீழே நின்றன. கிருஷ்ணகிரியில் அணை வேலை நடந்த இடத்தில் மண் கூடை சுமந்தவர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். ஊருக்கு மேலே வந்ததும் முதல் கட்டைப் பிரித்து, சொன்னபடி கை கையாக வீசினேன். வெள்ளைப் புறாக் கூட்டம்போல் பின்னே போயிற்று. ஒரு நொடி, பயத்தையே மறந்தேன்.

அடுத்தது காவேரிப்பட்டினம். தென்பெண்ணை ஆறு பளிச்சென்று தெரிந்தது. கடைத்தெரு பார்க்கத் தாழ இறங்க வேண்டும். இறங்குவதற்காகச் சார் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்.

இதுவரை அப்படிக் குறைக்கும்போதுதான் ஆட்டம் மிக மோசமாக இருக்கும். தாடை கழன்றுவிடும். நான் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

உட்கார்ந்திருந்த பலகை அசையவில்லை. மீட்டர் முள் ஒரே முள்ளாக நின்றது. பஞ்சடைத்த காதில் காற்று உஸ்ஸென்று இரைந்தது, அவ்வளவுதான். எதிரே புரொப்பெல்லர் மெல்லச் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. வீடுகள் மேலே ஏறி வந்தன.

எஞ்சின் நின்றுவிட்டது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பொட்டை அழித்தோம், நின்றுவிட்டது.

"சார், நின்னுபோச்சு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேசுகிற குழாயின் வாய் என் மடியில் கிடந்தது.

கனத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் புத்தியில் பட்டது. லாரி மேடு ஏறாவிட்டால் மூட்டையை இறக்குவோமே, அந்தப் புத்தி. இரண்டாவது கட்டை, கயிறுகூட அறுக்காமல், அப்படியே தூக்கி வெளியே போட்டேன். மூன்றாவதையும் தூக்கினேன். அப்போதுதான் வாயில் வந்துவிட்டது: "முனியப்பா, எறக்கி விட்டுடு. இந்த இருபத்தஞ்சு ரூவாயும் உனக்கு."

குழாய் வழியாகச் சாரின் குரல் வந்தது. ரொம்ப நிதானமாக.

"என்னவே, கட்டுக் கட்டாவா போடுதே?"

அடுத்த நிமிஷம் எஞ்சின் உறுமியது. மூக்கு மேலே ஏறியது. மூன்றாவது கட்டை மார்போடு கட்டிக்கொண்டேன். மத்தூருக்கு மேலே அதைப் பிரித்து ஒழுங்காக வீசினேன். மாமியார் வீட்டு ஓட்டுக் கூரைகூடத் தெரிந்தது. வாசலில் சேலை கட்டிய உருவம் ஒன்று நின்றதுபோல் இருந்தது.

பிற்பாடு சின்னப்பொண்ணைக் கேட்டேன், பார்த்தாயா என்று. "ஊரே நோட்டீஸ் பொறுக்குச்சு. நான் எங்க பாத்தேன்? சத்தம் போற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு நின்னேன்" என்றாள். என் பயத்தைக் கேட்க மாட்டேன் என்றவள்.

பாக்கி

காவேரிப்பட்டினத்துக் கட்டு தென்பெண்ணையில் விழுந்தது. செட்டியார் தன் கண்ணாலேயே பார்த்தார். சாயங்காலம் ஓசூருக்கு வந்து, பேசிய தொகையில் இருபத்தைந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்.

"எங்கூரு நோட்டீஸ் பூரா ஆத்து மீனுக்குப் போயிருக்குது. மீனு வேட்டி கட்டுமாங்க?"

சார் என்னைப் பார்த்தார். "அது உன் பங்குதாம்லே, மாதையா." நியாயம்தான். தலைதீபாவளிக்குக் கடனுக்கு வாங்கிய கைத்தறிச் சேலையோடு போனேன்.

வேண்டுதலை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ரெட்டியாரிடம் கேட்டேன். "எஞ்சின் நிக்கவே இல்லையே. நிக்காத எஞ்சினுக்கு வேண்டுனது சேருமா?" என்றேன்.

"எறக்கி விட்டாரா இல்லையா?"

"விட்டாரு."

"அப்பக் குடு. அவசரமில்ல. அவரு வட்டி கேக்க மாட்டாரு."

அந்த அவசரமில்லை என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. அடுத்த அறுவடை, அடுத்த தீபாவளி என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சார் விமானத்தை விற்றார். ரெட்டியார் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் மேட்டுக்காட்டைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மதில் எழும்பியது. முனியப்பன் கல்லை மட்டும் எடுக்கவில்லையாம். புளியமரத்தடியிலேயே, ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அங்கே வேலை பார்க்கிற பையன் ஒருவன் சொன்னான்.

போன மாதம் பணத்தை வெற்றிலையில் மடித்து எடுத்துக்கொண்டு கேட் வரை போனேன். செக்யூரிட்டி நல்ல பையன்தான். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"யாரைப் பாக்கணும் பெரியவரே?"

"முனியப்பனை."

"எந்த டிபார்ட்மென்ட்?"

 உள்ளேயிருந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கேட்டின் இரும்புக் கம்பியில் கையை வைத்துப் பார்த்தேன். நடுங்கியது. ரப்பர் கட்டை போயிருக்க வேண்டும், யாராவது சொன்னால் தேவலை என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டேன்.

முனியப்பனுக்கு இன்றைய தேதியில் நான் தரவேண்டியது இருபத்தைந்து ரூபாய்.